'டாங்க்' என்று வந்தால் தமிழில் என்ன போடுவது? குளமா, தாங்கியா, தொட்டியா?

முல்லை_மொழி:

வணக்கம். கமக்காரர் அமைப்புகளுக்கு ஆங்கிலத்தில் வரும் கடிதங்கள், வேலை மதிப்பீடுகள், கூட்ட அறிக்கைகள், மருந்துப் போத்தல் ஒட்டுத்தாள்கள் எல்லாவற்றுக்குமாக ஒரு சொற்பட்டியல் தயாராகிறது. 'டாங்க்' என்ற சொல்லில் வேலை அப்படியே நிற்கிறது. எங்கே வந்தாலும் 'தாங்கி' என்று போட்டு முடி என்கிறார்கள் ஒரு பக்கம். வன்னியில் டாங்க் என்றால் குளம்தானே, வேறென்ன என்கிறார்கள் மறுபக்கம்.

கையில் உள்ள தாள்களில் வரும் தொடர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்: 'டாங்க் இஸ் ஸ்பில்லிங்', 'டாங்க் ரிசர்வேஷன்', 'ஃபர்ஸ்ட் வாட்டர் இஷ்யூ', 'பெர் டாங்க் 40 மில்லிலீற்றர்', 'டாங்க் மிக்ஸ்', 'செப்டிக் டாங்க்', 'ஜயன்ட்ஸ் டாங்க்'. நீங்கள் எதற்கு எதைப் போடுவீர்கள், ஏன் என்று சொல்லுங்கோ. துறை தெரிந்தவர்கள் பதில் எழுதினால் பெரிய உதவி.

---

நீர்மட்டம்:

நீர்ப்பாசனப் பக்கத்தை நான் சொல்கிறேன். இலங்கை ஆங்கிலத்தில் டாங்க் என்பது மழைநீரையோ ஆற்றுநீரையோ மண்கட்டால் மறித்து வைத்திருக்கும் குளம். இங்கிலாந்துக்காரனிடம் கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடுவைக் காட்டி டாங்க் என்றால் விழிப்பான். அவன் அதை ரிசர்வொயர் என்பான். ஆகவே முதலில் தாள் எங்கே எழுதப்பட்டது என்று பாருங்கோ. கமநல அபிவிருத்தித் திணைக்களமோ நீர்ப்பாசனத் திணைக்களமோ எழுதியிருந்தால் 'குளம்' என்று கண்ணை மூடிக்கொண்டு போடலாம். பாசனப் பரப்பு 80 ஹெக்ரேயருக்குக் (200 ஏக்கர்) கீழ்ப்பட்டவை 'மைனர் டாங்க்', அதாவது சிறு குளம். அவை கமநலத்தின் கீழ் வரும். பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில். 'மைனர்' என்பதை 'சிறிய' என்று எழுதி விட்டுவிடாமல் 'சிறு நீர்ப்பாசனக் குளம்' என்று எழுதுங்கோ. அது அளவைச் சொல்லும் பெயரடை மட்டுமில்லை, நிர்வாக வகுப்பும்கூட.

ஆனால் பிழை வருவது பெரும்பாலும் 'டாங்க்' என்ற சொல்லில் இல்லை, அதற்குப் பக்கத்தில் நிற்கும் சொல்லில்தான்.

'டாங்க் இஸ் ஸ்பில்லிங்': குளம் வான் பாய்கிறது. 'சிந்துகிறது', 'கசிகிறது' என்று எழுதினால் கட்டில் ஓட்டை விழுந்துவிட்டது என்று ஊர் பதறும். வான் பாய்வது குளம் சரியாக வேலை செய்வதன் அடையாளம்; மிஞ்சிய நீர் அதற்கென்று கட்டிய வழியால் வெளியேறுகிறது. கசிவு என்றால் 'லீக்' அல்லது 'சீபேஜ்' என்று இருக்கும். கட்டு உடைந்தால் 'பிரீச்'. மூன்றும் வேறு வேறு; அனர்த்த முகாமைத்துவ அறிவித்தலில் ஒன்றுக்கு ஒன்று மாறினால் விளைவு பாரதூரமானது.

'டாங்க் ரிசர்வேஷன்': முன்பதிவு இல்லை. குளத்தைச் சுற்றி, வெள்ள மட்டத்தையும் தாண்டி, எவரும் வேலி போடக்கூடாது என்று விடப்பட்ட ஒதுக்குக் காணி. 'குள ஒதுக்குப் பகுதி' என்று போடுங்கோ.

'வாட்டர் இஷ்யூ': இதில்தான் புதியவர்கள் எல்லாரும் சறுக்குவார்கள். 'நீர்ப் பிரச்சினை' இல்லை. துருசை, அதாவது குளத்து மதகைத் திறந்து வாய்க்காலுக்கு நீர் விடுவதுதான் இஷ்யூ. 'ஃபர்ஸ்ட் வாட்டர் இஷ்யூ' என்றால் முதல் நீர் திறப்பு. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் காலபோகத்துக்கோ (மாரிச் செய்கை) சிறுபோகத்துக்கோ (கோடைச் செய்கை) முடிவாகும் திகதி அது. விதைப்பு, காப்புறுதி, உர விநியோகம் எல்லாம் அதை வைத்தே கணக்கு.

'கமாண்ட் ஏரியா': பாசனப் பரப்பு. 'கட்டளைப் பிரதேசம்' என்று எழுதினால் இராணுவ முகாம் மாதிரிக் கிடக்கும்.

'டெட் ஸ்ரோரேஜ்': துருசின் அடிமட்டத்துக்குக் கீழே, திறந்தாலும் வெளிவராமல் நிற்கும் நீர். 'துருசுக்குக் கீழ் நீர்' என்று எழுதினால் கமக்காரருக்கு ஒரு விளக்கமும் தேவையில்லை.

---

வவுனிக்குளத்தான்:

நீர்மட்டம் சேர் சொன்னதோட ஒண்டு சேர்க்க வேணும். பெயரில ஏற்கெனவே குளம் இருக்கிற ஊர்களுக்கு இங்கிலீசில இன்னொரு டாங்க் ஒட்டியிருப்பினம். 'பாவற்குளம் டாங்க்', 'வவுனிக்குளம் டாங்க்'. தமிழில திருப்பேக்க 'பாவற்குளக் குளம்' எண்டு எழுதாதேங்கோ. 'பாவற்குளம்' போதும். மடு, கட்டு, முறிப்பு எண்டு முடியிற பெயருக்கு மட்டும் குளம் சேருங்கோ: இரணைமடுக் குளம், முத்தையன்கட்டுக் குளம், தண்ணிமுறிப்புக் குளம். ஊரும் குளமும் ஒரே பெயரில இருக்கிறதால, எதைச் சொல்லுறீங்கள் எண்டு தெரிய வேணும்.

மற்றது, 'ஜயன்ட்ஸ் டாங்க்' எண்டது மன்னார் கட்டுக்கரைக் குளம். 'இராட்சதக் குளம்' எண்டு எழுதி வைச்சால் மன்னாரில ஒருத்தருக்கும் விளங்காது. மல்வத்து ஓயாவை, எங்கட ஆக்கள் அருவியாறு எண்டு சொல்லுற அந்த ஆற்றை, தேக்கம் எண்ட இடத்தில மறிச்சு வாய்க்கால் வழியாக் கொண்டு வாற தண்ணிதான் கட்டுக்கரைக்குப் போறது. தேக்கத்தில இருக்கிறதை இங்கிலீசில 'அனிகட்' எண்டு போடுவினம். அது அணைக்கட்டு எண்ட எங்கட சொல்லே திரும்பி வாறது, பயப்பிடாமல் அப்பிடியே எழுதலாம்.

---

கிளி_ஆங்கிலம்:

சொல்லின் வழியையும் ஒருக்கால் பார்த்தால் ஏன் இத்தனை பொருள் என்று விளங்கும். இந்தியாவின் மேற்குக் கரையில், குஜராத்தியிலும் மராத்தியிலும், நிலத்தடி நீர்த்தொட்டிக்கு வழங்கிய சொல் இது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில வணிகர் வாயில் ஏறியது. நீரை மறித்து வைப்பது என்ற பொருளுடைய போர்த்துக்கேயச் சொல் ஒன்றும் ஒலியில் நெருங்கி நின்றதால் இரண்டும் கலந்துவிட்டன. எனவே 'குளம்' என்ற பொருள் பழையது. இரும்புப் பாத்திரம், பெற்றோல் பாத்திரம் எல்லாம் பின்னால் வந்தவை. தெற்காசிய ஆங்கிலம் பழைய பொருளை விடாமல் வைத்திருக்கிறது.

போர் வாகனத்துக்கு இந்தப் பெயர் வந்தது மறைப்புக்காக. முதலாம் உலகப் போரில் பிரித்தானியர் லிங்கன் நகரில் அதைச் செய்தபோது, உள்ளே நடப்பது வெளியே தெரியாமல் இருக்க நீர்ப் பாத்திரம் செய்வதுபோல் காட்டிக்கொண்டார்கள். 1916 செப்டெம்பர் 15இல் பிரான்சின் சோம் போர்முனையில் முதல் தடவை களத்தில் இறக்கினார்கள். மறைப்புப் பெயரே நிலைத்துவிட்டது.

செய்தி மொழிபெயர்ப்பில் கவனிக்க வேண்டியது: இன்றைய டாங்க்கில் பொதுவாகச் சங்கிலிச் சில்லு, சுழலும் மேற்கூடு, பெரிய பீரங்கி மூன்றும் இருக்கும். சில்லில் ஓடும் துருப்புக்காவி கவச வாகனம் மட்டுமே. ஆனையிறவில் நினைவுச்சின்னமாக நிற்பது கவசம் போர்த்திய புல்டோசர். அதையும் டாங்கி என்று எழுதுவது தவறு.

---

குழாயும்கிணறும்:

வீட்டுப் பக்கம் நான் வாறன். தண்ணி சேமிக்கிற பாத்திரத்துக்கு எங்கட பக்கம் 'தாங்கி' எண்டு எழுதுறதுதான் வழக்கம், வாயால 'ராங்க்' எண்டுதான் சொல்லுவினம். 500, 1000, 2000 லீற்றர் பிளாஸ்ரிக் ராங்க் எல்லாம் தாங்கி. கொங்கிறீற்றில அல்லது கல்லில கட்டி மேல திறந்து கிடந்தால் அது தொட்டி. கிணத்தடியில குளிக்கிறதுக்குக் கட்டியிருக்கிறதைத் தாங்கி எண்டு ஒருத்தரும் சொல்லுறேல்லை. மீன் வளர்க்கிற கண்ணாடிப் பெட்டி மீன்தொட்டி.

விலை மதிப்பீட்டில 'ஓவர்ஹெட் டாங்க்' எண்டால் மேல்நிலைத் தாங்கி. அதில மொழிபெயர்க்கேக்க விடக்கூடாத சின்னச் சின்னச் சாமான்கள் இருக்கு. 'ஓவர்ஃப்ளோ' எண்டது மிகை நீர்க் குழாய். 'வோஷ்அவுட்' எண்டது அடியில கழுவி விடுற குழாய். 'அவுட்லெட்' எண்டது பாவனைக்குத் தண்ணி போற குழாய், அது அடியில இருந்து ரெண்டு மூண்டு அங்குலம் மேல இருக்க வேணும், இல்லாட்டி மண்டி எல்லாம் வீட்டுக்குள்ள வரும். மூண்டையும் 'வெளியேற்றக் குழாய்' எண்டு ஒரே பெயரில எழுதி வைச்சால் மேசன் ஒரு குழாய்தான் போடுவார். மிகை நீர்க் குழாய் தண்ணி ஏறுற குழாயை விடப் பெரிசா இருக்க வேணும். மோட்டர் அழுத்தத்தில தள்ளும், மிகை நீர் சும்மா தன்பாட்டில வழியும். ரெண்டும் ஒரே அளவெண்டால் மூடியால தள்ளிக்கொண்டு ஊத்தும்.

1000 லீற்றர் நிறைஞ்சால் தண்ணி மட்டும் ஒரு தொன். அடி முழுக்கச் சமதளத்தில இருக்க வேணும். குறுக்கால ரெண்டு சட்டம் வைச்சு ஏத்தினால் நடுவில தொய்ஞ்சு, குழாய் பூட்டின இடத்தில வெடிக்கும். 15 அடிக் கோபுரத்தில வைச்சால் கீழ கிடைக்கிற அழுத்தம் அரை பாருக்கும் குறைவு. பார் எண்டது அழுத்த அலகு, 10 மீற்றர் உயரத்துக்குத்தான் ஒரு பார். அழுத்தம் கேட்கிற சுடுதண்ணி இயந்திரத்தை அதில பூட்டிப்போட்டு ராங்க் பிழை எண்டு சொல்லக் கூடாது.

---

மாங்குளம்_வாசகர்:

'தாங்கி' என்பது டாங்க் என்ற ஒலிக்குத் தமிழ்ச் சட்டை போட்டதுதானே? தமிழ்நாட்டில் தண்ணீருக்குத் தொட்டி, போருக்கு டாங்கி என்று எழுதுகிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொண்டால் என்ன?

---

கிளி_ஆங்கிலம்:

ஒலியும் ஒத்து, பொருளும் ஒத்து வந்த சொல் அது. சுமைதாங்கி என்ற சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. தாங்கு என்ற வினையிலிருந்து இயல்பாகப் பிறக்கிறது. தண்ணீருக்கும் எரிபொருளுக்கும் 'தாங்கி' இங்கே அரச படிவங்களில் ஊறிவிட்டது. அதைத் தொட்டியாக்கினால் குழாய்க்காரர் மேலே சொன்ன வேறுபாடு போய்விடும். போர் வாகனத்துக்கு மட்டும் 'டாங்கி' என்று வைத்தால் குழப்பம் குறையும் என்பதை ஏற்கிறேன். எங்கள் பத்திரிகைகளில் 'யுத்த தாங்கி' என்றும் வந்திருக்கிறது. முன்னடை இருக்கும்வரை தவறில்லை.

---

நெல்லும்_புல்லும்:

இந்த இழையில் இன்னும் ஒருவரும் தொடாத டாங்க் ஒன்று இருக்கிறது. பணமும் உடல்நலமும் போவது அதில்தான். மருந்து தெளிக்கும் முதுகுத் தெளிகருவி. ஒட்டுத்தாளில் 'பெர் டாங்க்' என்றால் அந்தக் கருவியின் ஒரு நிறைவு. இங்கே பெரும்பாலும் கைவிசைக் கருவி 16 லீற்றர். 'ஒரு தாங்கிக்கு 40 மில்லிலீற்றர்' என்று எழுதினால் வாசிப்பவர் 1000 லீற்றர்த் தாங்கியை நினைக்கமாட்டார் என்பது உண்மைதான், ஆனால் எத்தனை லீற்றர் என்று எழுதாவிட்டால் பிழை வந்தே தீரும்.

எப்படி என்று கணக்கில் காட்டுகிறேன். சிபார்சு ஏக்கருக்கு 400 மில்லிலீற்றர், 160 லீற்றர் நீரில். 16 லீற்றர்க் கருவிக்கு ஏக்கருக்குப் பத்து நிறைவு, நிறைவுக்கு 40. இதே 40ஐ ஒருவர் இயந்திரத்தால் மெல்லிய தூவலாக அடிக்கும் தெளிகருவிக்குள் ஊற்றுகிறார் என்று வையுங்கோ. அது ஏக்கரை நாலு நிறைவில் முடித்துவிடும். போனது 160 மில்லிலீற்றர். பூச்சி சாகாது, மருந்து சரியில்லை என்பார், இரண்டாம் தரம் இரட்டிப்பாக அடிப்பார். ஆகவே தமிழில் இப்படிப் போடுங்கோ: 'ஏக்கருக்கு 400 மில்லிலீற்றர், 16 லீற்றர்க் கைத்தெளிகருவி எனில் ஒரு நிறைவுக்கு 40 மில்லிலீற்றர்'. ஏக்கர்க் கணக்கை ஒருபோதும் விடக்கூடாது.

தன் கருவிக்கும் நடைக்கும் எத்தனை நிறைவு போகும் என்று தெரியாதவர் வெறுந்தண்ணீரில் பார்க்கலாம். 10 மீற்றருக்கு 10 மீற்றர் கயிறு பிடித்து, வழமையான நடையில் தெளித்து, எத்தனை லீற்றர் குறைந்தது என்று அளந்து 40ஆல் பெருக்கினால் ஏக்கருக்கான நீர் வரும். 4 லீற்றர் போயிருந்தால் 160.

'டாங்க் மிக்ஸ்' என்றால் இரண்டு மருந்தை அந்தக் கருவிக்குள் ஒன்றாகக் கலப்பது. 'தெளிகருவிக் கலவை' என்று போடுங்கோ. 'குளத்தில் கலக்கவும்' என்று ஒருவர் தானியங்கி மொழிபெயர்ப்பை நம்பி அச்சடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கலக்கும் ஒழுங்கும் ஒட்டுத்தாளில் இருக்கும், அதைச் சுருக்காதேங்கோ. பாதியளவு நீர் முதலில். பிறகு நனையும் தூளும் குருணையும், நன்றாகக் கலக்கிய பின் கெட்டித் திரவம், அதன் பின் எண்ணெய்த் தன்மையான குழம்பு, கடைசியாக ஒட்டுப்பசை, பிறகு மீதி நீர். எண்ணெயை முதலில் ஊற்றித் தூளை மேலே போட்டால் தூள் எண்ணெய் பூசிக் கட்டியாகி முனையை அடைக்கும். சந்தேகம் என்றால் ஒரு லீற்றர்ப் போத்தலில் அதே விகிதத்தில் சிறிதளவு கலந்து அரை மணித்தியாலம் வையுங்கோ. திரைந்தாலோ, சூடானாலோ, அடியில் கட்டி நின்றாலோ அந்தச் சோடி ஒத்துவராது.

---

வவுனிக்குளத்தான்:

இதை அச்சில போடேக்க 'கருவியைக் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவக் கூடாது' எண்டதையும் பெரிய எழுத்தில போடுங்கோ தங்கச்சி. இங்கிலீசுத் தாளில ரெண்டு டாங்க்கும் ஒரே வரியில வரும்: 'டாங்க்கை டாங்க்கில கழுவாதே' எண்ட மாதிரி.

---

முல்லை_மொழி:

அண்ணை, அப்படி ஒரு வரி உண்மையாகவே கையில் இருக்கிறது! 'ஸ்ப்ரே டாங்க்' என்று முன்னால் போட்டிருந்தபடியால் தப்பினேன்.

செப்டிக் டாங்க்குக்கு 'மலக்குழி' என்று பழைய படிவத்தில் இருக்கிறது. அதையே வைக்கலாமா?

---

குழாயும்கிணறும்:

வைக்காதேங்கோ. மலக்குழி எண்டால் எங்கட ஆக்களுக்கு அடி இல்லாத குழி. செப்டிக் டாங்க் எண்டது அடியும் சுவரும் பூசி, நீர் கசியாமல் கட்டின அறை. 'கழிவுத் தாங்கி' எண்டு எழுதி அடைப்புக்குறிக்குள்ள 'செப்ரிக் ராங்க்' எண்டு போடுங்கோ, எல்லாருக்கும் விளங்கும். அதுக்குப் பிறகு வாறது 'சோக்கேஜ் பிற்', அது ஊறுகுழி. ரெண்டும் வேற.

வேலை எப்பிடி எண்டால், ரெண்டு அறை. முதலாவது மொத்தத்தில மூண்டில ரெண்டு பங்கு. பாரமானது அடியில படியும், கொழுப்பு மேல மிதக்கும், நடுவில உள்ள தண்ணிதான் அடுத்த அறைக்குப் போக வேணும். அதுக்குத்தான் உள்ள வாற வாயிலும் வெளிய போற வாயிலும் 'ரீ' வடிவக் குழாய். வெளிய போறது உள்ள வாறதை விட ரெண்டு மூண்டு அங்குலம் தாழ இருக்க வேணும். ரீ குழாயைப் போடாமல் விட்டால் மேல மிதக்கிறது நேரா ஊறுகுழிக்குப் போய் மண் துவாரத்தை அடைக்கும். பிறகு ஊறுகுழி நிரம்பி நிக்கும், ஆக்கள் ராங்க் சின்னன் எண்டு நினைச்சு இன்னொரு குழி வெட்டுவினம். பிழை இருக்கிறது ஒரு சின்னச் சாமானில.

அடிமண்டி மூண்டில ஒரு பங்குக்கு வந்தால் இறைக்க வேணும். பிரதேச சபை அனுப்புறது 'கல்லி பவுசர்', கழிவகற்றும் பவுசர் எண்டு எழுதுங்கோ. முழுக்கக் கழுவித் துடைக்கத் தேவையில்லை, கொஞ்சம் மண்டி நிண்டால்தான் கிருமி வேலை தொடரும். ஆள் உள்ள இறங்கவே கூடாது. நச்சு வாயு கண்ணுக்குத் தெரியாது, காப்பாத்த இறங்கின ரெண்டாமாளும் செத்த கதைகள் நாடு முழுக்க இருக்கு.

வன்னிக்கெண்டு இன்னொரு விசயம். கார்த்திகை மார்கழியில நிலத்தடித் தண்ணி மேல வரும். அந்த நேரம் பிளாஸ்ரிக் கழிவுத் தாங்கியை முழுக்க இறைச்சால் வெறும் தாங்கி நிலத்தைப் பிளந்துகொண்டு மிதந்து மேல வந்திடும், குழாயெல்லாம் முறியும். கோடையில இறையுங்கோ. கிணத்துக்கும் ஊறுகுழிக்கும் இடையில குறைஞ்சது 50 அடி எண்டு கேட்பினம். மணல் நிலமெண்டால் அதைவிடக் கூட விடுங்கோ.

---

தையல்_வரி:

பவுசர் என்று வந்ததால்: ஆங்கிலத்தில் 'டாங்கர்' என்றால் பவுசர், எண்ணெய்க் கப்பல் இரண்டுக்கும் பொது. பவுசர் என்பது அமெரிக்காவில் எரிபொருள் பம்பு செய்த நிறுவனத்தின் பெயர். பிரித்தானிய வழக்கில் பொதுச்சொல்லாகி இங்கே வந்து தங்கிவிட்டது. தண்ணீர்ப் பவுசர் என்றே எழுதுங்கள்.

ஆடைத் தொழிற்சாலைத் தாள்களில் 'டாங்க் டொப்', சில இடங்களில் வெறும் 'டாங்க்' என்று வரும். அமெரிக்க ஓடர் என்றால் அகன்ற தோள்பட்டியுடைய கையில்லாப் பனியன். பிரித்தானிய ஓடர் என்றால் சட்டைக்கு மேல் போடும் கையில்லாக் கம்பளிப் பின்னலாடை. பழைய அமெரிக்க வழக்கில் நீச்சல் தடாகத்துக்கு டாங்க் என்று பெயர். நீச்சலுடையின் மேற்பகுதியைப் போன்றது என்பதால் இந்தப் பெயர். எந்த நாட்டு ஓடர் என்று பாராமல் துணி வெட்டக் கூடாது. 'கெமிசோல்' வேறு, அதற்குத் தோளில் மெல்லிய நாடா மட்டும்.

---

மாங்குளம்_வாசகர்:

வாகனக் கையேடுகளில் 'காஸ் டாங்க்' வருகிறதே?

---

கிளி_ஆங்கிலம்:

அமெரிக்கக் கையேடு என்றால் பெற்றோல் தாங்கி. எரிவாயு இல்லை. அமெரிக்கர் 'ஒக்சிசன் டாங்க்' என்பதை நாம் சிலிண்டர் என்போம். இதற்கு ஒரு விதி சொல்லலாம்: அழுத்தத்தில் அடைத்த வாயு என்றால் தமிழில் சிலிண்டர், சாதாரணமாக ஊற்றி நிரப்பும் திரவம் என்றால் தாங்கி.

'திங்க் டாங்க்' சிந்தனைக் குழாம். கொள்கை ஆய்வு நிறுவனம் என்று எழுதினால் இன்னும் தெளிவு. பங்குச் சந்தைச் செய்தியில் 'டாங்க்ட்' என்றால் விலை சடாரென்று விழுந்தது. விளையாட்டில் என்றால் வேண்டுமென்றே தோற்பது. கணினி விளையாட்டில் மற்றவர்களுக்கு முன்னே நின்று அடி வாங்கும் பாத்திரம். உங்கள் பட்டியலுக்கு இவை தேவைப்படாது.

---

நீர்மட்டம்:

கொள்ளளவு எண்களைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டேன். குளம் என்றால் 'ஏக்கர் அடி' வரும். அது ஒரே அலகு. ஒரு ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர், 1,233 கன மீற்றர், அதாவது 12 இலட்சம் லீற்றருக்கு மேல். 'அடி' என்ற சொல்லை விட்டு '200 ஏக்கர் கொள்ளளவு' என்று எழுதினால் அது பரப்பாகிவிடும். 'எம்.சி.எம்.' என்றால் மில்லியன் கன மீற்றர். 1,000 ஏக்கர் அடிக்கு 1.23.

அடுத்தது, செய்தியில் வரும் அடிக்கணக்கு. இரணைமடு 36 அடி என்றால் அது அளவுகோலில் நீர்மட்டம். '18 அடி, அரைக் குளம் தண்ணீர்' என்று தலைப்புப் போடக்கூடாது. குளம் கீழே ஒடுங்கி மேலே விரிவது. சிறு குளத்துக்கு நாங்கள் கணக்குப் பார்க்கும் வழி: நிறைந்த பரப்பு, அதிகூடிய ஆழம், இரண்டையும் பெருக்கி 0.4ஆல் பெருக்குவது. 50 ஏக்கர் பரப்பு, 10 அடி ஆழம் என்றால் 200 ஏக்கர் அடி. அதே வடிவத்தில் 5 அடிக்கு இறங்கினால் மிஞ்சுவது ஏறத்தாழ 35 ஏக்கர் அடிதான், ஐந்திலொரு பங்கும் இல்லை. சிறுபோக நெல்லுக்கு வாய்க்கால் இழப்போடு ஏக்கருக்கு 4 ஏக்கர் அடி என்று வைத்தால், நிறைகுளம் 50 ஏக்கருக்குக் காணும். பாதி ஆழம் 9 ஏக்கருக்கும் காணாது. அதிலும் கோடையில் மாதம் அரையடி ஆவியாகப் போகும்.

---

வவுனிக்குளத்தான்:

அப்ப தூர்வாரினால் கொள்ளளவு கூடும்தானே சேர்? ஒவ்வொரு கூட்டத்திலயும் 'டாங்க் டீசில்ற்றிங்' எண்டு வருது.

---

நீர்மட்டம்:

எங்கே வாருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. துருசின் அடிமட்டத்துக்குக் கீழே கிண்டினால் கூடுவது துருசுக்குக் கீழ் நீர் மட்டும். வயலுக்கு ஒரு சொட்டும் கூட வராது. மாட்டுக்கும் மீனுக்கும் சுற்றியுள்ள கிணறுகளுக்கும் நல்லது, அது வேறு கணக்கு. பாசனத்துக்கு வேண்டுமென்றால் துருசு மட்டத்துக்கு மேலே, அலைகரைப் பக்கம் (கட்டு இல்லாத, நீர் ஏறி இறங்கும் கரை) படிந்த வண்டலை எடுக்கவேண்டும். கட்டின் அடியை ஒட்டிக் கிண்டவே கூடாது; அங்கே படிந்த களிதான் கசிவைத் தடுத்துக்கொண்டு இருக்கிறது. மதிப்பீட்டை மொழிபெயர்க்கும்போது 'எந்த மட்டத்திலிருந்து எந்த மட்டம் வரை' என்ற வரியை விடாதேங்கோ. வேலையின் பயன் அந்த வரியில்தான் இருக்கிறது.

அதே தாள்களில் 'பைப்பிங்' என்று வரும். குழாய் பொருத்துதல் இல்லை. கட்டுக்குள்ளால் நீர் மண்ணை அரித்துத் துவாரம் போட்டு ஓடுவது. 'உள்ளரிப்பு' என்று எழுதலாம். கட்டின் வெளியடியில் தெளிந்த நீர் கசிந்தால் கண்காணிக்கலாம்; கலங்கல் நீர் வந்தால் மண் போகிறது என்று பொருள், உடனே அறிவிக்க வேண்டும். வெளிப்பக்கத் துவாரத்தைக் களியால் அடைப்பது பிழை, நீர் பக்கத்தில் இன்னொரு வழி பார்க்கும். மேலே முதலில் மணல், பிறகு சரளை, பிறகு கல் என்று போட்டால் நீர் வரும், மண் வராது. சுற்றி மண்மூடை வளையம் அடுக்கி உள்ளே நீரை உயர விட்டால் வேகம் தணியும். கட்டில் வளரும் மரவேரும் எலி வளையும் புற்றும் இதற்கு வழி திறப்பவை.

---

முல்லை_மொழி:

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. வறட்சி நிவாரணப் படிவம் ஒன்றில் 'டாங்க் கபாசிற்றி: 8,000' என்று மட்டும் இருக்கிறது. அலகு இல்லை. முன்னும் பின்னும் கூரைப் பரப்பு, குடும்ப எண்ணிக்கை.

---

குழாயும்கிணறும்:

கூரைப் பரப்பு கேட்டிருந்தால் மழைநீர்த் தாங்கி, 8,000 லீற்றர். சீமெந்தும் கம்பி வலையும் வைச்சுக் கட்டுற வட்டத் தாங்கி அந்த அளவில நிறைய இருக்கு. கணக்குப் போட்டும் பார்க்கலாம்: ஒரு சதுர மீற்றர்க் கூரையில ஒரு மில்லிமீற்றர் மழைக்கு ஒரு லீற்றர். 50 சதுர மீற்றர்க் கூரை, 200 மில்லிமீற்றர் மழை, ஐஞ்சில ஒரு பங்கு சிந்துது எண்டு கழிச்சால் சரியா 8,000. அஞ்சு பேருக்குக் குடிக்கச் சமைக்க நாளுக்கு 25 லீற்றர் எண்டால் 320 நாளைக்குக் காணும்.

'ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்' எண்டு ஒரு வரி கீழ இருக்கும் பாருங்கோ. கழிப்பறையோட சம்பந்தமில்லை. முதல் மழையில கூரைத் தூசியும் காக்காய் எச்சமும் கழுவுப்பட்டு வாற தண்ணியைத் தாங்கிக்குள்ள விடாமல் திருப்பி விடுறது அது. 'முதல் மழைநீர் கழிப்பு' எண்டு போடுங்கோ.

---

நீர்மட்டம்:

சரியான ஊகம்தான். ஆனாலும் அலகை நீங்களாகச் சேர்க்க வேண்டாம். 'லீற்றரா?' என்று பக்கத்தில் பென்சிலால் குறித்து அனுப்பிய அலுவலகத்துக்கே திருப்பி அனுப்புங்கோ, கையொப்பம் அவர்களுடையது.